பதினொன்றாவது பெயர்

அக்கா,

அப்பாவின் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது. சுண்டுவிரல் அளவு பிளாஸ்டிக்தான். அதைக் கம்ப்யூட்டரில் செருகினாலே உங்கள் ஞாபகம் வந்துவிடுகிறது. அப்பாவும் அம்மாவும் உள்ளே தூங்குகிறார்கள். சத்தம் கேட்டால் மறைக்க வசதியாக, கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் இதை எழுதுகிறேன்.

முதல்முறை இதைப் பார்த்தபோது, "இத்தினூண்டு குச்சிக்குள்ளயா ஒங்கப்பா கையெழுத்து கெடக்குது?" என்று கேட்டீர்கள். ஷிப்ட் முடிந்து எல்லோருடைய கேட் பாஸையும் ஒப்படைக்க எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்திருந்தீர்கள். கரி ஏற்றி ஓடும் பெல்ட்டுக்கு அடியில் சிந்தியதை வாரிய கறுப்பு உங்கள் நகக்கண்களில் இருந்தது. கான்ட்ராக்ட் பேப்பர் எல்லாம் இனிமேல் கம்ப்யூட்டரிலேயே கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும் என்று ஆகிவிட்டதைச் சொன்னேன். எட்டாவதோடு நின்ற அப்பா, டோக்கனையும் அதன் ரகசிய பின் நம்பரையும் என்னிடம் கொடுத்துவிட்டதையும் சொன்னேன். எங்கள் பக்கத்துச் சின்ன கான்ட்ராக்டர்கள் பலர் வீட்டில் அப்படித்தான். கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளையிடம்தான் கையெழுத்து இருக்கும்.

"அப்போ மொதலாளி நீதான் பாப்பா. ஒங்கப்பா சும்மா பேருக்குச் சுத்திக்கினு கெடக்குறாரு" என்றீர்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

கைநாட்டு வைத்துக்கொண்டிருந்த நீங்கள் கையெழுத்துக் கற்றுக்கொடுக்கச் சொன்னதும் அப்போதுதான். என் ரஃப் நோட்டில் ஏழு தடவை எழுதிப் பார்த்தீர்கள். ஏழாவதுதான் ஒழுங்காக வந்தது. அதைப் போட உங்களுக்கு இடமே கிடைக்கவில்லை. வருகைப் பதிவேடு போய், கம்ப்யூட்டரில் கம்பெனிக்கு அனுப்பும் ஆள் பட்டியல் வந்துவிட்டது. அதில் உங்கள் பேரை நான் அடிப்பேன், அப்பாவின் கையெழுத்தை நான் போடுவேன். உங்கள் பேரைத் திரையில் காட்டச் சொன்னீர்கள். கடைசிப் பேர், பதினொன்றாவது. தொட்டுப் பார்த்தீர்கள். திரையில் கரி ஒட்டிக்கொண்டது என்று அப்பா திட்டினார்.

அந்த மாதம் புது கான்ட்ராக்ட் தொடங்கியது. புதுப் பட்டியலை ஒன்றாம் தேதியே அனுப்பியிருக்க வேண்டும். எனக்கு ரிவிஷன் டெஸ்ட். அனுப்பாமலே அனுப்பிவிட்டேன் என்று அப்பாவிடம் பொய் சொன்னேன். நான்கு நாள், அக்கா. நான்கே நாள்.

ஐந்தாம் தேதி சாயங்காலம் அப்பா வேர்த்து வடிந்து வந்தார். பட்டியல் போய்விட்டதா என்று கேட்டார். பயந்துகொண்டே உண்மையைச் சொன்னேன். அடி விழும் என்று நினைத்தேன். என் தலையைத் தடவிக் கொடுத்தார். அதற்கு முன் எப்போது தடவினார் என்று எனக்கு நினைவில்லை.

"நல்லதாப் போச்சும்மா. பதினொண்ணாவது பேர எடுத்துட்டு அனுப்பு. தேதி ஒண்ணுன்னே போடு."

ஏன் என்று கேட்டேன். நீங்கள் வேலையை விட்டு நின்றுவிட்டீர்களாம். எடுத்தேன். பின் நம்பர் போட்டேன். பச்சை டிக் வந்தது. அப்பா காபி கேட்டார்.

அன்று மதியம் மூன்று மணிக்கே பெல்ட் உங்களை இழுத்துவிட்டது என்று மறுநாள் ஸ்கூலில்தான் கேள்விப்பட்டேன்.

நீங்கள் போன பதினாறாம் நாள், உங்கள் மகள் காடாம்புலியூரிலிருந்து பஸ் ஏறித் தனியாக வந்தாள். பழைய பாஸைத் திருப்பித் தராமல் நீங்களாகவே உள்ளே புகுந்துவிட்டீர்கள் என்று அப்பா எல்லோரிடமும் சொல்லியிருந்தார். கூட வேலை செய்த பத்துப் பேரும் வாய் திறக்கவில்லை. அவர்கள் பாஸும் அப்பா கையில்தானே. பட்டியலில் பேர் இல்லாவிட்டால் நஷ்டஈடு இல்லை.

"அம்மா சொல்லிச்சிங்க, பதினொண்ணாவது பேரு தன்னோடதுன்னு" என்றாள்.

அப்பா என்னைக் கை காட்டினார். "பாப்பாவக் கேளு. அதான் எல்லாம் பாக்குது."

காட்டினேன். அவள் திரையில் விரல் வைத்து எண்ணினாள். பத்தோடு முடிந்தது. மறுபடி மேலிருந்து எண்ணினாள். அவள் ஒன்பதாம் வகுப்பு, நான் பத்தாம் வகுப்பு. "சரிங்கக்கா" என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடினாள்.

அப்பாவுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். காகிதத்தில் எந்தத் தேதியும் போடலாம். இந்தக் கையெழுத்து தன் நேரத்தைத் தானே குறித்துக்கொள்ளும். அந்தப் பச்சை டிக்கை அமுக்கினால் ஐந்தாம் தேதி, மாலை ஐந்து ஐம்பத்திரண்டு என்று சொல்லும். யாரும் அமுக்கிப் பார்க்கவில்லை. பச்சையைப் பார்த்ததும் எல்லோருக்கும் திருப்தி.

இன்று சாப்பிடும்போது அப்பா அம்மாவிடம், பாவம், அந்தக் குடும்பத்துக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அவ பொண்ணு நாளையிலேருந்து வேலைக்கு வருது. பதினொண்ணுல அது பேரப் போடு. வயசு பதினெட்டுன்னு போடு."

பேரை அடித்துவிட்டேன், அக்கா. அவளுக்குப் பதினான்கு. உங்கள் பேர் இருந்த அதே இடம், அதே பெல்ட். கையெழுத்துதான் பாக்கி. பின் நம்பரை யோசிக்கக்கூட வேண்டாம், விரல்கள் தாமாகவே போட்டுவிடும்.

தப்பான நம்பரைத் திரும்பத் திரும்பப் போட்டால் டோக்கன் பூட்டிக்கொள்ளும் என்று பிரவுசிங் சென்டர் அண்ணன் எச்சரித்திருக்கிறார். பூட்டிக்கொண்டால் புதிது வாங்கப் பல நாள் ஆகுமாம். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு நம்பர் போட்டேன். பத்தாவது தடவை, இனி திறக்காது என்று வந்துவிட்டது.

விடிந்ததும் அப்பா கேட்பார். மறந்துபோய்த் தப்பாகப் போட்டுவிட்டேன் என்பேன். இடுப்பு பெல்ட்டைக் கழற்றுவார். புது டோக்கன் வந்ததும் மறுபடி என்னையே உட்கார வைப்பார்.

நீங்கள் ஏழு தடவை எழுதிய பக்கம் என் ஜியாமெட்ரி பாக்ஸின் அடியில் மடித்தபடி இருக்கிறது. அதன் பின்னால் ஐந்து ஐம்பத்திரண்டு என்று எழுதி வைத்திருக்கிறேன். உங்கள் மகளிடம் அதைக் கொடுக்கும் தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை. இன்றைக்கு இருந்தது பூட்டுகிற தைரியம் மட்டும்தான்.