உயிரோடிருப்பவர்களின் ஏடு

1408, ஜூலை 20. எலியா திருநாள்

அப்பாவுக்குக் கண் மங்கிவிட்டது. அவர் பூசை வைக்கும் கோயிலின் பெயரேட்டை இப்போது நான்தான் எழுதுகிறேன். உயிரோடிருப்பவர்கள் ஒரு பக்கம், இறந்தவர்கள் மறுபக்கம். ஞாயிறு பூசையில் கதவோரம் நின்று நான் மெல்லப் படிக்க, அப்பா ஒவ்வொரு பெயரையும் உரக்கச் சொல்லி வேண்டுவார்.

துருக்கியர் வந்து பன்னிரண்டு வருடம். பல்கேரிய மன்னரின் மகன் மலையில் கொடியேற்றிவிட்டாராம். புறப்படுகிற ஆண்கள் பெயர் கொடுக்க வருகிறார்கள். புதுப் பக்கம் எடுத்து, ‘மலைக்குப் போனவர்கள்’ என்று சிவப்பு மையில் தலைப்பிட்டேன்.

கொல்லர் ராதுல், “பெரிசா எழுது பாப்பா. கடவுளுக்கும் உங்கப்பா மாதிரி கண்ணு மங்கியிருந்தா?” என்றார்.

அண்ணன் ஸ்தானிமிர் மட்டும், “என் பேர் வேணாம், படிப்பாளி. எழுத்து யார் கைக்கு வேணாலும் போகும்” என்றான்.

ஜூலை 22

அவன் போனபின் எழுதிவிட்டேன். கடைசி வரியில். ஊருக்கெல்லாம் வேண்டிக்கொண்டு அவனை மட்டும் வெளியே நிறுத்துவதா? நான் படித்த புனிதர் வரலாறுகளில் எல்லாம், பெயர் எழுதப்பட்டவன் பிழைக்கிறான்.

ஜூலை 29

பூசையில் அவன் பெயர் வந்ததும் அம்மா என் கையை அழுத்தினாள்.

செப்டம்பர் 3

தோற்றுவிட்டார்கள். போன நாற்பதில் ஒன்பது பேர் திரும்பியிருக்கிறார்கள், கூலிக்கு அறுவடை முடித்து வந்தவர்கள்போல வேடம் போட்டு. அண்ணனால் இடது கையைத் தூக்க முடியவில்லை. வாள்களைப் பன்றிக்கொட்டிலின் அடியில் புதைத்தோம். துருக்கியர் அங்கே கைவைக்க மாட்டார்கள்.

செப்டம்பர் 9

வைக்கவில்லைதான்.

சோதனை போட வந்த துருக்கியரோடு ஒரு எழுத்தன், நம் எழுத்து தெரிந்தவன். சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டே கோயிலுக்குள் போனான். ஏட்டோடு வந்தான். வாளை மறைத்தோமே, இதை மறைக்க ஒருவருக்கும் — எனக்குமா தோன்றவில்லை?

ஊர் நடுவில் நின்று படித்தான். முதல் பெயருக்குக் கிழவிகள் பழக்கத்தில் “ஆண்டவரே, இரங்கும்” என்று முணுமுணுத்தார்கள். பெயர் வர வர, திரும்பியிருந்தவர்களைத் துருக்கியர் பிடித்துக் கட்டினார்கள்.

கடைசிப் பெயர். கையைக் கட்டும்போது அண்ணன் என்னைப் பார்த்தான். “சிவப்பு மை வேறயா?”

செப்டம்பர் 10

ஒன்பது பேரும். ஆற்றங்கரையில்.

ஏன்டி எழுதின? வேணாம்னுதானே சொன்னான்? என்னையே கேட்கிறேன்.

அக்டோபர் 26. திமித்தர் திருநாள்

அப்பா புது ஏடு தைக்கச் சொன்னார். தைத்து, மை கரைத்துக் கோயில் வாசலில் உட்கார்ந்திருந்தேன். பெயர் கொடுக்க ஒருவரும் என்னிடம் வரவில்லை. உள்ளே வரிசையில் நின்று, இறந்தவர்களின் பெயர்களை அப்பாவின் காதில் சொல்லிவிட்டுப் போனார்கள்.

வரிசையில் அம்மாவும் நின்றாள்.