உங்கள் மாத்திரை யாரிடம்?

ஜூன் 3

பிடிவாதக்காரருக்கு,

இன்று காலை வேலைக்கு வந்ததும் முதலில் ஐந்தேகால் மணி பஸ்ஸை நிறுத்திவைத்தேன். பணிமனை நர்ஸுக்கு அத்தனை அதிகாரமா என்பீர்கள். இப்போது இருக்கிறது.

போன வருடம் ஓட்டுநர் ஒருவர் மாரடைப்பில் ஸ்டியரிங்கிலேயே சாய்ந்ததை நம் மகள் சொல்லியிருப்பாள். பிழைத்துக்கொண்டார். அதன்பிறகு எல்லோரையும் சோதித்ததில் நூற்றுப்பன்னிரண்டு பேருக்கு பிரஷரோ சுகரோ இருந்தது. மாத்திரை கொடுத்தால் பைக்குள் போகும், வாய்க்குள் போகாது. அதனால் ஓட்டுநரின் மாத்திரையை நடத்துநரிடமும், நடத்துநருடையதை ஓட்டுநரிடமும் கொடுத்துவிட்டேன். அன்றன்றைக்கு உள்ளதைத்தான் தர வேண்டும். விழுங்கியதைப் பார்த்த பிறகே வண்டி நகரும்.

இன்று ஒரு நடத்துநர் திடீர் லீவு. ஓட்டுநரின் மாத்திரையும் அவர் பையோடு மாமியார் வீட்டுக்குப் போய்விட்டது. ஓட்டுநர் போனில் கத்துகிறார்: "யோவ், என் உசிரு உன் பையில இருக்குய்யா! சொல்லிட்டுப் போக மாட்டியா?" என்னிடமிருந்த உபரி அட்டையிலிருந்து கொடுத்து அனுப்பினேன். மூன்று வருடம் ஒரே வண்டியில் பேசாமல் போனவர்கள் இந்த இருவரும். பேச்சு திரும்பியபோது முதல் வார்த்தை, "முழுங்கினியா?"

எண்பத்தொரு பேருக்கு இப்போது கட்டுக்குள் இருக்கிறது. அடங்காதவர் நீங்கள்தான். உங்கள் குவார்ட்டர்ஸில் பிரஷர் மாத்திரை அட்டைகள் பிரிக்காமலே கிடக்கின்றனவாம், மகள் பார்த்திருக்கிறாள். மின்நிலையத்தில் மணிக்கொரு தடவை டிரான்ஸ்பார்மரின் சூட்டைக் குறிக்கிறவர், சொந்த உடம்பை எட்டிப் பார்க்கக் கூடாதா?

நீங்கள் மாறுதல் வாங்கிக்கொண்டு தனியாகப் போய் இரண்டு வருடமாகிறது. போனில் பேசினால் மூன்றாம் நிமிடம் சண்டை. அதனால்தான் கடிதம்.

நர்ஸம்மா

ஜூன் 9

நர்ஸம்மாவுக்கு,

இரண்டு தடவை படித்தேன். மாத்திரையைக் கையில் எடுத்தால், தனியாக இருக்கிறோம் என்பது உறைக்கிறது. அதனால் தொடுவதில்லை.

டாக்டரைப் பார்த்தேன். நூற்று எழுபதுக்கு நூறு. திட்டினார், உன் அளவுக்கு இல்லை. ஒரு மாத மாத்திரையை உனக்குப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். பயப்படாதே, சனிக்கிழமை வரைக்கும் உள்ளதைத் தனியாக வாங்கிக்கொண்டேன். மெஸ் சமையல்காரர் பார்க்க விழுங்குகிறேன். "உப்பு போதுமான்னு கேட்டுட்டு இருந்தேன், இப்ப இதுக்கும் நான்தான் சாட்சியா சார்?" என்கிறார்.

ஞாயிறு காலை வந்து வாங்கிக்கொள்ளட்டுமா? இரண்டு நாள் லீவு கேட்டிருக்கிறேன். வேண்டாமென்றால் போன் செய். செய்யாவிட்டால் வருகிறேன்.

பிடிவாதக்காரன்

ஜூன் 13, சனிக்கிழமை

என் அன்புக்கு,

போன் செய்யவில்லை. விடிந்தால் நீங்களே வந்துவிடுவீர்கள், இந்தக் கடிதத்தை எங்கே அனுப்ப? இழுப்பறையில்தான் கிடக்கும்.

இன்று அந்த ஓட்டுநர் எல்லோர் முன்னாலும் கேட்டார்: "எங்களை இந்த மிரட்டு மிரட்டுறீங்களே சிஸ்டர், உங்க மாத்திரை யாருகிட்ட இருக்கு?" எனக்கும் சுகர் வந்து நான்கு மாதமாகிறது, உங்களிடம் சொல்லவில்லை. "அதை வச்சுக்கிறவர் நாளைக்கு வர்றார்" என்றேன். பணிமனையே ஓவென்று கத்தியது. இந்த வயதில் எனக்கு வெட்கம்!

உங்கள் பார்சல் சமையலறை அலமாரியில், என் அட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது. நாளை என்னுடையதை உங்கள் கையில் கொடுத்துவிடுவேன். உங்களுடையதை மொத்தமாகத் தருவதாக இல்லை. மகளிடம்கூட இதைச் சொல்லவில்லை. பணிமனை விதிதான்: ஒரு நாளுக்கு உள்ளதை அந்த நாளில்தான் தருவேன்.

எண்ணிப் பார்த்தேன், முப்பது இருக்கிறது. உங்கள் இரண்டு நாள் லீவு எப்படிப் போதும்?

உங்களவள்