பன்னிரண்டாம் மாதம்

தம்பிக்கு,

போனை நீ எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் எங்களுக்கு இப்போது சாயங்காலம் கணக்கு வகுப்பு நடக்கிறது. நாற்பத்தாறு வயதில் பெருக்கல் படிக்கிறாளே என்று சிரிக்காதே.

நேற்று அவரவர் வீட்டு விஷயத்தையே கணக்காகப் போடச் சொன்னார்கள். நான் உன் திட்டத்தைப் போட்டேன். சேர்ந்தவர் ஒவ்வொருவரும் அடுத்த மாதம் மூன்று பேரைச் சேர்த்தால் போதும், போட்ட பணம் இரட்டிப்பாகும் என்றாயே. மூன்று ஒன்பதாயிற்று, ஒன்பது இருபத்தேழாயிற்று. பன்னிரண்டாம் மாதம் ஐந்து லட்சத்தைத் தாண்டிவிட்டது. நம் ஊரில் மொத்தமே இரண்டு லட்சம் பேர்தான்.

டீச்சர் என் நோட்டைப் பார்த்தார். "அதுக்கப்புறம் யாரைம்மா சேர்ப்பாங்க?" என்றார். நான் நோட்டை மூடிவிட்டேன்.

நானும் மூன்று பேரைச் சேர்த்திருக்கிறேன். அதில் இஸ்திரி போடும் அக்கா, மகளின் கண் ஆபரேஷனுக்கு வைத்திருந்ததை அப்படியே போட்டாள். இன்று காலை அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். விரிப்பு கருகிப் புகை வரும்வரை பெட்டியை எடுக்காமல் நின்றாள்.

பிறகு, "உன் தம்பி வீடு எங்கே இருக்கு?" என்று கேட்டாள்.

சொல்லிவிட்டேன்.

உன் அக்கா