செவலைக்கு நான் கட்டிய வார்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு நன்றாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். அம்மாவுக்கு மூட்டுவலி தேவலை, மாடிப்படி ஏறும்போது பேசாமல் ஏறுகிறாள், இறங்கும்போதுதான் என்னைத் திட்டுகிறாள். முந்தாநாள் நீ போனில் எங்கள் குதிரைப் பள்ளி மேனேஜரை வாய்க்கு வந்தபடி பேசினாயாம், முப்பத்தோரு வருஷம் உழைத்த மனுஷனைச் சாணி அள்ள விட்டுவிட்டாரே என்று அழுதாயாம். அம்மா உனக்குச் சொன்னது பாதிக் கதை, ஏனென்றால் அவளிடமே நான் பாதிதான் சொல்லியிருந்தேன். மீதியை இன்று காலை அவளிடம் சொன்னேன், இப்போது உனக்கு எழுதுகிறேன். போனில் என்றால் நீ குறுக்கே பேசுவாய், நானும் எனக்குச் சாதகமாக மாற்றிப் பேசிவிடுவேன்.

நம் செவலைக் குதிரை குளம்பில் அடிபட்டு ஆறு வாரம் லாயத்திலேயே நின்றாள் அல்லவா. தின்றுவிட்டு நின்றதில் வயிறு பருத்து, தோல் பிள்ளைத்தோல் மாதிரி மென்மையாகிவிட்டது. அப்படி இருந்த குதிரைக்கு முதல் வாரம் அரைமணிக்கு மேல் சேணம் போடக்கூடாது என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான். ஆனால் ஆள் குறைவு, நான்கு குதிரைக்கு நான் ஒருவன், செவ்வாயிலிருந்து தினமும் இரண்டு வகுப்புக்கு அவளை அனுப்பினேன். சனிக்கிழமை காலை வயிற்று வாரை இறுக்கும்போது காதை மடக்கி என் சட்டைக்கையைக் கடிக்க வந்தாள். கையை விட்டுப் பார்த்தேன், முன்னங்காலுக்குப் பின்னால், வார் அழுத்துகிற இடத்தில், பாதி எலுமிச்சம்பழம் அளவுக்கு மெத்தென்று வீக்கம், தொட்டால் சூடு. அப்போது மேனேஜர் வெளியிலிருந்து, என்னய்யா இன்னும் கட்டலையா, டீச்சரம்மா வந்து கால்மணி நேரமாச்சு என்று கத்தினார். இதோ ஆச்சு சார் என்றேன். இன்னும் ஒரு துளை ஏற்றி மாட்டினேன்.

அந்த டீச்சர் நாற்பது வயதுக்கு மேல் குதிரை ஏறப் பழகுகிறவர், பயந்த சுபாவம், செவலையைத் தவிர வேறு குதிரையில் ஏறமாட்டார். மூன்றாவது சுற்றில் செவலை ஒரு துள்ளு துள்ளினாள், டீச்சர் வேலியில் மோதி விழுந்தார், மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. எல்லோரும் அவரைத் தூக்க ஓடினார்கள், நான் குதிரையிடம் ஓடினேன், சேணத்தைக் கழற்றி வாரைச் சுருட்டி என் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். மேனேஜர், இந்தக் கிறுக்குக் குதிரைய இனி வெச்சுக்க முடியாது, திங்கக்கிழமை இத ஏத்திட்டுப் போக வண்டி வரும் என்றார். நான் அலமாரிச் சாவியை மடியில் செருகிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை அலமாரியைத் திறந்து வாரைத் திருப்பிப் பார்த்தேன், உள்பக்கம் முழுக்கப் பழைய வியர்வை காய்ந்து மரப்பட்டைபோல, அதில் மணல். அந்த வாரம் முழுக்க அதை நான் ஒரு தடவைகூடத் துடைக்கவில்லை மகளே.

திங்கட்கிழமை வண்டி வந்தது. கயிறு என் கையில்தான் இருந்தது. மற்ற குதிரைகள் வண்டியில் ஏற்றுகிற சாய்வுப் பலகையைக் கண்டால் முரண்டு பிடிக்கும், இவள் நான் நடக்கிறேன் என்பதற்காகப் பின்னாலேயே ஏறினாள். பாதிப் பலகையில் நின்றுவிட்டேன். இறக்கிக்கொண்டு வந்து மேனேஜர் முன்னால் நிறுத்தி, சார், குதிரை மேல தப்பில்ல, வீக்கத்தப் பாத்துட்டுத்தான் கட்டினேன் என்றேன். அவர் குனிந்து அந்த இடத்தில் விரல் வைத்தார், செவலை காலைத் தூக்கினாள். அன்னிக்கே ஏன்யா சொல்லல என்றார். பயம் சார் என்றேன். வண்டியைத் திருப்பி அனுப்பினார். ஒரு மாதம் எந்தக் குதிரைக்கும் நான் சேணம் போடக்கூடாது, சாணி அள்ளினால் போதும் என்றார், அது நியாயம். டீச்சர் வீட்டுக்கும் போனேன். கட்டுப் போட்ட கையோடு கதவைத் திறந்து எல்லாவற்றையும் கேட்டார். அப்ப எனக்கு முன்னாடியே உங்ககிட்ட அந்தக் குதிரை சொல்லியிருக்கே என்றார். உட்காரச் சொல்லவில்லை, மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை.

நீ வேலை பார்க்கிற லாயத்திலும் பனி முடிந்து குதிரைகளை வெளியே எடுக்கிற காலம் என்று எழுதியிருந்தாய். வாரை ஒரே இழுப்பில் இறுக்காதே, கொஞ்சம் இறுக்கி, நாலு எட்டு நடக்கவிட்டு, அப்புறம் இறுக்கு. முன்னங்கால் இரண்டையும் முன்னே இழுத்துவிட்டால் வாருக்கடியில் மடிந்த தோல் நேராகும். சேற்றைத் தேய்த்து எடுக்காமல் கட்டாதே, வாரைத் தினமும் கழுவிக் காயவை, சேணம் கழற்றியதும் கண்ணால் பார்த்தால் போதாது, கையால் தடவு. வீக்கம் இருந்தால் அது வற்றித் தோல் ஆறும்வரை யார் கேட்டாலும் சேணம் கிடையாது என்று சொல்லிவிடு. சொன்னால் வேலை போகும் என்று எனக்குத் தோன்றியதுபோல உனக்கும் தோன்றும்.

செவலைக்கு வீக்கம் வற்றிவிட்டது, மேல்தோல் பொருக்குத் தட்டியிருக்கிறது. வார் கட்டுகிற இடதுபக்கமாக நான் போனால் இன்னும் வயிற்றை எக்குகிறாள். தினமும் காலையில் வெறுங்கையோடு போய்ப் பக்கத்தில் நின்றுவிட்டு வருகிறேன்.

கை கால் சுகத்தோடு, நல்ல பெயரோடு நீ நீண்டநாள் இருக்கவேண்டும். என்மேல் கோபம் வந்தால் கோபமாகவே பதில் எழுது, அம்மாவைப் படிக்கச் சொல்லாமல் நானே படிப்பேன்.

இப்படிக்கு,
உன் அப்பா