கடற்கரையெல்லாம் தம்பி பெயர்

செப். 14, ஞாயிறு
மண்டையைப் பிளக்கும் வெயில். குடும்பத்தோடு ஏர்வாடி தர்கா. வேனில் மனைவி ஜமீலாவுக்கு வழியெல்லாம் வாந்தி. துஆ ஓதி முடித்துக் கடற்கரைக்குப் போனால் கால் வைக்க இடமில்லை. டம்ளர், ஸ்ட்ரா, பேரில்லாத கவர்கள், அறுந்த வலை. நடுவே அங்கங்கே சிவப்புக் கவர்கள், எல்லாவற்றிலும் என் தம்பி சாதிக்கின் பிரியாணிக் கடைப் பெயர், கீழே கொட்டை எழுத்தில் திண்டுக்கல்.

வயிறு பற்றி எரிந்தது. பிரியாணிக்குத் தம் போடக் கற்றுக்கொடுத்தது நான். இன்று அவன் பெயர் கடல் வரைக்கும்!

"இங்க வர்ற வேன் அம்புட்டும் அவன்கிட்டதான் பார்சல் கட்டுதா?" என்றேன்.

ஜமீலா: "குப்பையைப் பாத்துப் பொறாமைப்படுற மனுசனை இன்னைக்குத்தான் பாக்குறேன்."

செப். 15, திங்கள்
மேகமூட்டம். என் பிரியாணிக் கடையில் வியாபாரம் மந்தம். சீரகச் சம்பா அரிசி தீரப்போகிறது, சொல்லணும். நேற்று எடுத்த போட்டோவைக் குடும்ப வாட்ஸப் குரூப்பில் தட்டிவிட்டேன். 'ஏலே, உன் கடை லட்சணத்தைப் பாரு.' அவன் மானம் போகட்டும். மத்தியானம் நன்றாகப் பசித்தது.

செப். 17, புதன்
சாதிக் என் கடைக்கே வந்துவிட்டான். சண்டைக்குத்தான் என்று நினைத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"நல்லவேளை காட்டுனீங்கண்ணே. ஞாயித்துக்கிழமை கடை ஆளுகளோட போய்ப் பொறுக்கப் போறேன். நீங்களும் வாங்க."

இடுப்பு வலி என்றேன். ஜமீலா, "நான் வாரேன் தம்பி" என்றாள். துரோகி.

செப். 21, ஞாயிறு
புழுக்கம். காலையிலிருந்து குரூப்பில் போட்டோ மேல் போட்டோ. சாக்கும் கையுமாகச் சாதிக். ஆளாளுக்கு 'மாஷா அல்லாஹ்'. பார்சலுக்கு வந்தவர்கூட, "சாதிக் பாய் அண்ணனா நீங்க?" என்கிறார். இல்லை என்று சொல்ல வாய் வரை வந்தது. காசு செலவில்லாமல் அவனுக்கு விளம்பரம் பிடித்துக் கொடுத்திருக்கிறேன், முட்டாள்.

சாயங்காலம் ஜமீலா திரும்பினாள். வெயிலில் முகம் கறுத்து, காலெல்லாம் மணல்.

"உன் கொழுந்தன் கவரையெல்லாம் பொறுக்கியாச்சா?"

"ஒண்ணு விடல. பேரு இருக்குல்ல, போட்டி போட்டு எடுத்தாங்க."

"அப்பக் கடற்கரை சுத்தம்."

"எங்க? பேரு போடாத மஞ்சக் கவரு அதைவிடக் கூட கெடக்கு. பச்சை நூலு சுத்துனது. யாரு கடைதுன்னு தம்பி கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"தெரியாதுன்னேன். தெனம் என் கையால சுத்துற நூலுங்க அது."

எழுந்து வந்துவிட்டேன். எரிச்சல் மட்டும் அடங்கவில்லை. அவன் தன்னுடையதைப் பொறுக்கி முடித்துவிட்டான், என்னுடையது அங்கேயே கிடக்கிறது.