வழுக்கி விழுந்ததாக ஒரு வரி

ஜூன் 4

அன்புள்ள அக்காவுக்கு,

முட்டிவலி எப்படி இருக்கு? தையல் மெஷினுக்கு மோட்டார் மாட்டுன்னு எத்தனை தடவை சொல்றது!

என் பொண்டாட்டி அவ அம்மா வீட்டுக்குக்கூடப் போகாம, ஒரு மாசமா உன் வீட்லயே உக்காந்திருக்கா. இப்போ புகார் வேற. நான் தள்ளித்தான் அவ கை உடைஞ்சுதாம். அன்னைக்கு நீயும் இங்க வந்திருந்தே. விசாரிக்க வர்ற அதிகாரிகிட்ட, அவளே பாத்ரூம்ல வழுக்கி விழுந்தான்னு ஒரே ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுடு. கேஸ் ஆனா, ஒரு லிஃப்ட் மெக்கானிக்கை எந்தக் கட்டடத்துக்குள்ள விடுவாங்க? அம்மா போனப்புறம் வளர்த்தவ நீ. நீயே கைவிட்டா நான் எங்க போவேன்?

உன் தம்பி

ஜூன் 11

அன்புத் தம்பிக்கு,

போன்ல பேசினா நீ கத்துவே, நான் அழுவேன். அதான் எழுதுறேன்.

அந்த ஒரு வரிய எழுத உக்காந்தேன். கை ஓடல. நான் ஒண்ணும் அரிச்சந்திரன் தங்கச்சி இல்ல. இதே பொய்ய ஆஸ்பத்திரில ரெண்டு தடவை நானே சொல்லியிருக்கேன். கன்னம் வீங்கி வந்து நின்னவகிட்ட, "அடிக்கிற கைதான் அணைக்கும், போம்மா"ன்னு ஆட்டோ ஏத்தி உன்கிட்டயே அனுப்பினேன். நினைச்சா வெக்கமா இருக்குடா.

சின்னதுல நீ நாற்காலில இடிச்சுக்குவே. "என் தம்பிய இடிச்சியா? இந்தா வாங்கிக்கோ!"ன்னு நாற்காலிய நாலு சாத்து சாத்துவேன். நீ சிரிப்பே. பாத்து நடடான்னு ஒரு நாளும் சொன்னதில்ல. சோறு ஆறிடுச்சுன்னு தட்டை விசிறி அடிப்பே. நான் வழிச்சுத் துடைச்சுட்டு சுடச்சுட வேற போடுவேன். அம்மா செத்தன்னைக்கு நீ தேம்பினே. "ஆம்பளப் புள்ள அழலாமா, வாய மூடு"ன்னேன். அழுகைய பிடுங்கிக்கிட்டு கோவத்தை மட்டும் உனக்கு விட்டு வச்சவ நான்தான்.

அக்கா

ஜூன் 17

அக்கா,

அவ உன் காதுல நல்லா ஓதிட்டா போல. எந்தப் புருஷன் கை ஓங்கல? சூப்பர்வைசர் நாலு பேர் முன்னாடி வாய்க்கு வந்தபடி திட்டுறான், ஒரு நாள் அவனைத் தொட்டிருப்பேனா? வீட்டுக்கு வந்தா இவ மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவா. கோவம் வந்தா எனக்குக் கண்ணு மண்ணு தெரியாது, அவ்வளவுதான்.

தப்பு உன்னுதுன்னு நீயே சொல்லிட்டே. அப்போ கையெழுத்துப் போட்டு அதைச் சரி பண்ணு. ஞாயித்துக்கிழமை வந்து அவளைக் கூட்டிட்டுப் போறேன்.

தம்பி

ஜூன் 20

தம்பி,

சூப்பர்வைசரைத் தொடலேன்னு எழுதியிருக்கே. அப்போ உன் கண்ணு நல்லாவே தெரியுது. திருப்பி அடிக்கமாட்டாங்கன்னு பாத்துத்தான் அடிக்கிறே. வளர்த்தது என் தப்பு. ஓங்கினது உன் கை. உன் பங்கையும் என் தலையில கட்டாதே.

அதிகாரியம்மா நேத்து வந்தாங்க. நீ தள்ளினதையும், நான் சமையலறை வாசல்ல நின்னு பாத்துக்கிட்டே இருந்ததையும் சொல்லிக் கையெழுத்துப் போட்டுட்டேன். கை நீட்டுற ஆம்பளைங்க வாராவாரம் கூடிப் பேசுற இடம் ஒண்ணு இருக்காம். விலாசம் பின்பக்கம்.

ஞாயித்துக்கிழமை வராதே. நீ "அக்கா"ன்னு கூப்பிட்டா என் மனசு கேக்காது. அதனால என் வீட்டுச் சாவிய உன் பொண்டாட்டிகிட்டயே குடுத்துட்டேன்.

அக்கா

ஜூலை 29

அன்புள்ள அக்காவுக்கு,

அந்த ஞாயித்துக்கிழமை கதவை உடைக்கிற மாதிரி தட்டினேன். உள்ள நீ அழறது கேட்டுச்சு. ஆனா திறக்கல. நான் கேட்டு நீ செய்யாதது, எனக்குத் தெரிஞ்சு அதுதான் முதல் தடவை. தெருவுல ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன். அப்புறம்தான் அந்த விலாசத்துக்குப் போனேன்.

நாலு வாரமா போறேன். முதல்ல வாயே திறக்கல. போன வாரம் ஒரு பஸ் டிரைவர் குலுங்கிக் குலுங்கி அழுதார். யாரும் அவரை அடக்கல. எனக்குத்தான் எங்க பாக்கிறதுன்னு தெரியல. என் முறை வந்தப்ப சொன்னேன், நான் தள்ளினேன்னு. எலும்பு உடையற சத்தம் எனக்குக் கேட்டுச்சு அக்கா. கேட்டப்புறமும் கத்தினேன். கேஸ்ல இதையே சொல்லப் போறேன். வேலை போனா போகட்டும்.

நேத்து டீக்கடையில ஒருத்தன் மேல இடிச்சான். கை தானா மேல போயிடுச்சு. பாதியில நிறுத்தினேன். ஆனா கை மேல போச்சே.

அதனால ஒண்ணு கேக்குறேன். திருந்திட்டேன்னு சொல்லிக்கிட்டு நான் வாசல்ல வந்து நின்னா, அழுதாலும் நம்பாதே. கதவைத் திறக்காதே.

உன் தம்பி