பழைய வேலி

டிசம்பர், செவ்வாய்க்கிழமை இரவு. பதுளை.

புயலில் லுணுகலை வீட்டு வேலி முறிந்துவிட்டதென்று தம்பி செல்வம் சொன்னதால் இன்று போயிருந்தேன். அப்பா காடு வெட்டித் திருத்திய அந்த நிலத்துக்குத் தோட்ட நிர்வாகம் இன்றுவரை காணி உறுதிப் பத்திரம் தரவில்லை. எங்களுடையது என்று காட்ட அந்த வேலி ஒன்றுதான் இருந்தது.

நான் நிற்கும்போதே தோட்டத்து உத்தியோகத்தர் வந்தார். பள்ளியில் என்னிடம் படித்துப்போன மாணவர்களின் வயதுதான் இருக்கும்.

"பழைய வேலிய நிமித்தி வச்சுக்கங்க சார், ஒண்ணும் சொல்ல மாட்டோம். புதுசா போட்டா புடுங்கச் சொல்லித்தான் உத்தரவு."

மிகுந்த மரியாதையுடன் சொன்னார். அவர் போனதும், பழைய கட்டைகள் எங்கே என்று செல்வத்திடம் கேட்டேன்.

"அடுப்புல வச்சுட்டோம் அண்ணே. கரண்டும் இல்ல, கேஸும் இல்ல. ஒடஞ்ச கட்டைதானே. புகைதான் தாங்கல."

நான் அவனைத் திட்டவில்லை. பிள்ளைகளுக்குக் கஞ்சி காய்ச்ச வேண்டியிருந்தது என்பதை எப்படி மறுப்பது? மண் முழுவதும் தங்களுடையதென்று வைத்துக்கொண்டு, அதில் நிற்கும் கட்டை மட்டும் பழையதாக இருக்கவேண்டும் என்கிறவர்களின் மரியாதையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

சனிக்கிழமை புதுக் கட்டைகளோடு போகிறேன். அவற்றைச் சேற்றில் புரட்டியெடுத்துப் பழைய குழிகளிலேயே நடவேண்டும் என்று செல்வத்திடம் சொன்னேன்.

"வெட்டுன எடம் வெள்ளையா தெரியுமே அண்ணே," என்றான் செல்வம்.

அங்கே இன்னும் கொஞ்சம் சேறு பூசு என்றேன். பல்கலைக்கழகம் போய்ப் படித்து வந்தவன் தம்பிக்குச் சொன்ன ஆலோசனை அது.